காலையில் கப்பல்... இரவில் விமானம்! நடுவில் 10 மணி நேரம் என்ன செய்வது?

காலை மணி 9.30. சென்னைத் துறைமுக வாசல்.

உல்லாசக் கப்பலை விட்டு இறங்கிய கூட்டம் கும்பல் கும்பலாக வெளியே வருகிறது. கையில் சக்கரம் வைத்த பெட்டி. தலையில் தொப்பி. கண்ணில் தூக்கம்.

ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள்.

"எங்க சார்? ஏர்போர்ட்டா? குந்துங்க சார்!"

அந்தக் கூட்டத்தில் மதுரையைச் சேர்ந்த ஒரு குடும்பம். கணவன், மனைவி, கணவனின் தாயார். தாயாருக்கு 72 வயது. மதுரைக்கு விமானம் இரவு 7.30 மணிக்குத்தான். நடுவில் முழுசாக 10 மணி நேரம் கிடக்கிறது.

"ஏர்போர்ட்டுக்கே போயிருவோம். ஏசி இருக்கும். உக்காந்திருவோம்" என்றார் கணவர்.

"பத்து மணி நேரமா? அத்தைக்குக் காலு வீங்கிப் போகும்ங்க" என்றார் மனைவி.

பெரியம்மா மெல்ல வாயைத் திறந்தார். "ஏப்பா, போகையிலயும் பிளேன்ல வந்து நேரே கப்பல்ல ஏத்திட்ட. மெட்ராசுக்கு வந்தும் மெட்ராசப் பாக்கல. இனிமே நான் எங்க வரப் போறேன்? ஒரு சுத்து காட்டிட்டு அப்புறமா பிளேன்ல ஏத்தேன்."

மகனால் மறுபேச்சுப் பேச முடியவில்லை. ஆனால் எங்கே போவது? எப்படிப் போவது? விமானத்தை விட்டுவிட்டால்?

இந்தக் கவலை அந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் அல்ல. 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் இருந்து 'எம்பிரஸ்' என்ற 11 அடுக்கு உல்லாசக் கப்பல் கிளம்பியது. 2023 ஜூனில் அது இலங்கைத் துறைமுகங்களுக்கும் போனது. இப்படிக் கப்பல் வந்து இறங்கும் நாளில் வெளியூர்க்காரர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். கப்பல் காலையிலேயே இறக்கிவிட்டுவிடுகிறது. விமானமோ சாயங்காலம், இல்லாவிட்டால் ராத்திரி.

பெட்டிதான் வில்லன்!

ஊர் சுற்றுவதற்கு முதல் எதிரி வெயில் அல்ல, பெட்டி!

அந்தக் குடும்பத்திடம் மூன்று பெட்டி, இரண்டு பை. இதை இழுத்துக்கொண்டு கோட்டைக்குள் போக முடியுமா? கோயிலுக்குள் நுழைய முடியுமா? பர்மா பஜார் சந்தில் திரும்பத்தான் முடியுமா?

சென்ட்ரல் ரயில் நிலையத்தில் கிளாக் ரூம் இருக்கிறது. ஆனால் அது ரயில் பயணிகளுக்காக ஏற்பட்டது. ரயில் டிக்கெட் கேட்பார்கள். பூட்டுப் போடாத பெட்டியை வாங்க மாட்டார்கள். கப்பல் டிக்கெட்டைக் காட்டினால் காரியம் நடக்காது.

விமான நிலையத்துக்குப் போய் பெட்டியைக் கொடுத்துவிட்டு வரலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். துறைமுகத்தில் இருந்து மீனம்பாக்கம் சுமார் 20 கிலோ மீட்டர். போக ஒரு மணி, வர ஒரு மணி. அதிலும் காலை 10 மணிக்கே போனால், இரவு விமானத்துக்கு யாரும் பெட்டியை வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

மதுரைக்காரர் யோசித்தார். மண்ணடியில் ஒரு சின்ன லாட்ஜில் போய்க் கேட்டார். ஆதார் அட்டையைக் காட்டினார். சாயங்காலம் 4.30 வரை ஒரு அறை கிடைத்தது. பெட்டி ஐந்தும் உள்ளே போயிற்று. கதவுக்குப் பூட்டு விழுந்தது.

"இப்பத்தான்ப்பா கை வீசி நடக்க முடியுது!" என்றார் பெரியம்மா.

லாட்ஜ் வாடகை வீண் செலவு என்று நினைக்கக் கூடாது. குளிக்க ஒரு பாத்ரூம். மத்தியானம் பெரியவர்கள் படுக்க ஒரு கட்டில். விமான நிலையத்தில் இது இரண்டுமா சும்மா கிடைக்கும்?

மகாபலிபுரம் ஆசை

லாட்ஜ் வாசலில் ஒரு கார் டிரைவர் தூண்டில் போட்டார். "மகாபலிபுரம் போய்ட்டு அப்படியே ஏர்போர்ட்ல விட்டுடறேன் சார். ஜாலியா இருக்கும்."

மனைவிக்கு ஆசை வந்துவிட்டது. "போவோமாங்க?"

துறைமுகப் பக்கத்தில் இருந்து மாமல்லபுரம் 60 கிலோ மீட்டர் சுமார் இருக்கும். போக இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், போய்ச் சேரும்போது உச்சி வெயில். கடற்கரைக் கோயிலைப் பார்க்கத் திறந்த வெளியில் நடக்க வேண்டும். 72 வயது அம்மாவை அந்தப் பாறைச் சூட்டில் நடக்க வைப்பதா? திரும்பும்போது வழியில் நெரிசல் வந்தால் என்ன ஆகும்?

"வேணாம்மா. அதுக்குன்னு தனியா ஒரு நாள் வருவோம்" என்று கணவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். புத்திசாலித்தனமான முடிவு!

கணக்கைத் தலைகீழாகப் போடு!

நேரத்தை முன்னால் இருந்து எண்ணுகிறவன் விமானத்தை விடுவான். பின்னால் இருந்து எண்ணுகிறவன் பிடிப்பான்.

விமானம் 7.30. உள்நாட்டு விமானம் என்றால் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பு கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். ஆக 6.30. அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேருவது நல்லது. 5.30. மெட்ரோ ரயிலில் முக்கால் மணி நேரம். பெட்டியை எடுக்க, ஸ்டேஷனுக்குப் போக 15 நிமிஷம். ஆக 4.30 மணிக்கு லாட்ஜைக் காலி செய்தாக வேண்டும்.

மணி அப்போது 10.15. கையில் இருப்பது ஆறேகால் மணி நேரம். பத்து மணி நேரம் என்பது கனவுக் கணக்கு. ஆறேகால்தான் நிஜம். வெளிநாட்டு விமானம் என்றால் இன்னும் குறையும். மூன்று மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும்.

ஆறேகால் மணி நேரத்துக்கு எந்த ஊர் போதும்? துறைமுகத்தின் எதிரிலேயே இருக்கும் ஊர் போதும். சென்னைப் பட்டணம் பிறந்ததே அங்கேதானே!

காளிகாம்பாளும் கோட்டையும்

முதலில் தம்பு செட்டித் தெரு. காளிகாம்பாள் கோயில். மத்தியானம் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும் என்பதால் இதற்குத்தான் முதல் இடம். மராட்டிய வீரர் சத்ரபதி சிவாஜி 1677-ல் இங்கே வந்து கும்பிட்டதாகச் சொல்கிறார்கள். மகாகவி பாரதியார் அடிக்கடி வந்து வணங்கிய கோயிலும் இதுதான்.

பெரியம்மா குங்குமத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

அடுத்தது செயின்ட் ஜார்ஜ் கோட்டை. ஆட்டோவில் போனால் ஐந்து, பத்து நிமிஷம். தலைமைச் செயலகம் இருக்கும் இடம் என்பதால் போலீஸ் சோதனை உண்டு. அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும்.

கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயம். 1680-ல் கட்டியது. ராபர்ட் கிளைவுக்கு 1753-ல் கல்யாணம் நடந்தது இந்த தேவாலயத்தில்தான்.

"அட! பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்துல வந்த கிளைவா?" என்று மனைவி கண்ணை அகல விரித்தார்.

அடுத்து கோட்டை அருங்காட்சியகம். 1947 ஆகஸ்ட் 15-ம் தேதி இதே கோட்டைக் கொடிமரத்தில் ஏற்றிய தேசியக் கொடியை இங்கே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டுக் கொடிக்கு முன்னால் பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

ஊருக்கு நாலு விளக்கு

இந்த அருங்காட்சியகக் கட்டடத்தின் உச்சியில்தான் 1796-ல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது. இரண்டாவது, 1844-ல் வந்த கருங்கல் தூண். அது உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிறது. மூன்றாவது, உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சி. அங்கே 1894-ல் விளக்கு ஏற்றினார்கள். நாலாவது, மெரினாவில் 1977-ல் எழுந்த இப்போதைய கலங்கரை விளக்கம்.

"விடியக் காலம் கப்பல்ல இருந்து பாத்தேனே, ஒரு வெளிச்சம் சுத்திச் சுத்தி வந்துச்சே, அதுவா?" என்றார் பெரியம்மா.

அதுவேதான்! கப்பலில் வருகிறவர்களுக்குச் சென்னையின் முதல் வணக்கம் அது.

உயர்நீதிமன்றக் கிழக்கு மதில் பக்கம் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் 'எம்டன்' கடலில் இருந்து குண்டு போட்டதன் நினைவு. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. பட்டணமே நடுங்கியது. கெட்டிக்காரனை "அவன் சரியான எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது இந்தக் கப்பல் கொடுத்த பெயர்!

அப்பா போன கப்பல்

மத்தியானம் அறைக்குத் திரும்பினார்கள். பக்கத்து மெஸ்சில் சாப்பாடு. கொஞ்சம் படுக்கை. அப்போதுதான் பெரியம்மா அந்த விஷயத்தைச் சொன்னார்.

"எங்கய்யா இந்த ஆர்பர்லதான் கப்பல் ஏறுனாரு. பினாங்குக்கு. நான் அஞ்சு வயசுப் புள்ள. 'ரஜூலா'ன்னு கப்பலுக்குப் பேரு. திரும்பி வரவே இல்ல. நான் கப்பல்ல போகணும்னு சொன்னது அதுக்குத்தான்ப்பா."

மகனுக்கே இது புதுச் செய்தி.

'ரஜூலா' 1926-ல் கட்டிய கப்பல். சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினம் தொட்டு, பினாங்கு, சிங்கப்பூர் வரை போகும். ஆயிரக்கணக்கான தமிழர்கள் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு போனார்கள். 1970-களின் தொடக்கம் வரை அது ஓடியது. பிறகு 'சிதம்பரம்' கப்பல் சிங்கப்பூருக்குப் போய் வந்தது. 1985-ல் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்துடன் அதன் ஓட்டமும் முடிந்தது.

அன்றைக்கு இந்தத் துறைமுகம்தான் தமிழனுக்கு விமான நிலையம். வயிற்றுப் பிழைப்புக்குப் போன வழியில் இன்றைக்கு வேடிக்கைக்குப் போய் வருகிறார்கள்!

மணி 3. பெரியம்மா மறுபடியும் ராஜாஜி சாலைக்கு வந்தார். துறைமுக மதிலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி வாங்க, போவோம்" என்றார்.

அத்தோ சாப்பிட்டாச்சா?

எதிர் வரிசையில் பர்மா பஜார். பர்மாவில் இருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் பிழைப்பதற்காக 1969-ல் ஏற்பட்ட கடைவீதி. செல்போன் உறை, சென்ட் பாட்டில், கடிகாரம்... எதைத் தொட்டாலும் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும்.

பக்கத்துத் தெருக்களில் பிற்பகலில் 'அத்தோ' வண்டிகள் வந்து சேரும். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள். எல்லாவற்றையும் பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். பர்மாவில் இருந்து தமிழர்களோடு கப்பல் ஏறி வந்த பலகாரம் இது.

"இது என்னடி, இடியாப்பத்துல ஊறுகாயப் போட்ட மாதிரி இருக்கு!" என்று பெரியம்மா முகம் சுளித்தார். ஆனால் தட்டு காலியாகிவிட்டது!

மெட்ரோ கை கொடுத்தது

மணி 4.30. லாட்ஜ் காலி. ஆட்டோவில் மண்ணடி மெட்ரோ ஸ்டேஷன். 2019 பிப்ரவரியில் திறந்த ஸ்டேஷன் இது. லிப்ட் இருப்பதால் பெட்டியைத் தூக்க வேண்டியது இல்லை. ஒரே வண்டி, நேரே விமான நிலையம். அண்ணா சாலையில் மேலே கார்கள் முட்டி நிற்க, கீழே ரயில் பறந்தது.

செலவு இன்னும் குறைய வேண்டும் என்றால் பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறித் திரிசூலத்தில் இறங்கலாம். விமான நிலையம் எதிரிலேயே. ஆனால் மாலை நேரக் கூட்டத்தில் மூன்று பெட்டியோடு ஏறுவது கஷ்டம்.

நள்ளிரவு விமானம் என்றால்...

அவர்கள் அறையை எழும்பூரில் எடுத்துக்கொள்ளலாம். மத்தியான வெயிலுக்கு 1851-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இருக்கும் ஐம்பொன் சிலைகளைப் பார்க்கவே இரண்டு மணி நேரம் வேண்டும். மாலை 4 மணிக்கு மேல் மயிலை கபாலீசுவரர் கோயில், பிறகு மெரினா. பெட்டியை எடுக்கத் திரும்பி வரும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது. இரவு 11 மணி வாக்கில் மெட்ரோ நின்றுவிடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை என்றால் கோட்டை, எழும்பூர் அருங்காட்சியகம் இரண்டுக்கும் விடுமுறை. திங்கட்கிழமை என்றால் மெரினா கலங்கரை விளக்கத்தில் ஏற முடியாது. போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வராதீர்கள்!

மதுரைக் குடும்பம் 5.25-க்கு விமான நிலையத்துக்குள் நுழைந்தது. காலையில் கப்பலில் கூட வந்த ஒரு குடும்பம் அங்கே நாற்காலியில் சாய்ந்திருந்தது. காலை 11 மணியில் இருந்து அங்கேயேதான் இருக்கிறார்களாம்!

"எங்கம்மா போயிட்டு வர்றீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். காளிகாம்பாள் குங்குமத்தை ஒரு சிட்டிகை எடுத்து நீட்டினார்.

"மெட்ராசப் பாத்துட்டு வர்றோம் தாயி!"