கொடுப்பவர் இல்லாமல் குழு ஏது?

அண்மையில் என்னுடைய முன்னாள் மாணவி ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். கிராமத்தில் இருந்தபடியே அரசுப் பணித் தேர்வுக்குப் படித்து வருகிறார். பயிற்சி மையத்தில் சேர வசதியில்லை. பல்லாயிரம் பேர் உறுப்பினராக உள்ள ஒரு டெலிகிராம் குழுதான் அவருக்கு வகுப்பறை. பாடக் குறிப்புகள் அதில் நாள்தோறும் குவிகின்றன.

விலைவாசி உயரும்போது ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டி விகிதத்தை ஏன் உயர்த்துகிறது என்று அந்தக் குழுவில் அவர் கேட்டிருக்கிறார். மூன்று நாள்களாகியும் விடை வரவில்லை. அதே கேள்வியைக் கல்லூரித் தோழிகள் ஆறு பேர் கொண்ட வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டதும், அரை மணி நேரத்தில் ஒருவர் விளக்கிவிட்டார். கடனுக்கான வட்டி கூடினால் மக்கள் கடன் வாங்கிச் செலவிடுவது குறையும். தேவை குறைந்தால் விலையேற்றமும் தணியும் என்பது அந்த விளக்கம். 'அத்தனை பேர் இருந்தும் பெரிய குழுவில் ஏன் சார் பதில் வரவில்லை?' என்று கேட்டார் மாணவி. அதற்குப் பொருளியலில் விடை உண்டு.

கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் கல்வி என்பது நாம் அறிந்ததே. ஒருவர் உண்ட பழத்தை மற்றொருவர் உண்ண முடியாது. ஒருவர் கற்ற சூத்திரத்தை ஊரே கற்கலாம். அறிவின் இந்த இயல்பை வளர்ச்சிக் கோட்பாட்டின் மையத்தில் வைத்து 1990-இல் ஆய்வுக் கட்டுரை எழுதிய பால் ரோமர், 2018-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அறிவு குறையாது, ஆனால், அதை எடுத்துச் சொல்பவரின் நேரமும் பொறுமையும் குறையும். கூட்டம் பெருகும்போது, 'வேறு யாராவது சொல்வார்கள்' என்று ஒவ்வொருவரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். குழு பெரிதாகும்போது பொது நன்மைக்காக உழைக்கும் ஊக்கம் தனிமனிதரிடம் குறைகிறது என்று மான்கர் ஓல்சன் 1965-லேயே விளக்கினார். ஆறு பேர் குழுவில் யார் பேசவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பல்லாயிரம் பேர் குழுவில் அது யாருக்கும் தெரியாது.

இதற்குத் தீர்வு உண்டா? பொருளியலுக்கான நோபல் பரிசை 2009-இல் பெற்ற முதல் பெண்மணியான எலினார் ஆஸ்ட்ரம் அதற்கு வழிகாட்டுகிறார். ஸ்பெயினின் பாசனக் கால்வாய்கள், சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்கள் போன்ற பொதுவளங்கள் பல நூற்றாண்டுகள் அழியாமல் நீடித்ததற்கான காரணத்தை அவர் ஆராய்ந்தார். பயன்படுத்துவோர் தாமே விதிகளை வகுத்து, தாமே கண்காணித்து, தவறியவரைப் படிப்படியாகத் திருத்திய இடங்களில் அவை நிலைத்தன. நமக்கு இது புதிதல்ல. ஏரி நீரைப் பெற்றவர்கள் கரையைப் பலப்படுத்தவும் வாய்க்காலைத் தூர்வாரவும் வந்தாக வேண்டும் என்பதுதானே குடிமராமத்து?

இணையத்திலும் நிலைத்து நின்றவை விதிகளுடன் இயங்கியவையே. 2001-இல் தொடங்கிய விக்கிப்பீடியா, எழுதுவதற்குச் சான்று கேட்கிறது. 2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கணினி நிரலாளர்களின் தளம், நல்ல விடைகளை வாக்களித்து மேலே கொண்டுவருகிறது. சாட்ஜிபிடி வெளியான சில நாள்களில், 2022 டிசம்பரில், அது எழுதும் விடைகளை இந்தத் தளம் தடை செய்தது. பார்வைக்குச் சரியாகத் தோன்றிய பல விடைகள் தவறாக இருந்தன; விடைகள் வந்து குவிந்த வேகத்துக்கு அவற்றைச் சரிபார்க்க ஆள் போதவில்லை.

நம் மாணவர்களின் குழுக்களுக்கும் சில எளிய விதிகள் போதும். பெரிய குழுவைப் பத்துப் பதினைந்து பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிக்கலாம். கேள்வி கேட்பவர், தாம் எதுவரை முயன்றார் என்பதையும் எழுத வேண்டும். விடை சொல்பவர் காரணத்தையும் சொல்ல வேண்டும். குறிப்பைப் பகிர்பவர், அது எங்கிருந்து, எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்று குறிப்பிட வேண்டும். விளக்கம் பெற்றவர் அதைத் தம் சொற்களில் எழுதிப் பிறருக்கு வைக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் இதில் கடமை உண்டு. 2017-இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் தளத்தில் பாடங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால், ஐயம் எழும்போது அருகில் அமர்ந்து விளக்க ஒருவர் வேண்டுமே! வாரத்தில் ஒரு மணி நேரம் ஆசிரியர் ஒருவர் இத்தகைய குழுவில் இருந்தால், தவறான குறிப்புகள் பரவுவது பெருமளவு குறையும். என் பணிக்காலம் முழுவதும் தனியாகத் தேர்வெழுதியவருக்கே நான் மதிப்பெண் அளித்தேன். சக மாணவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவருக்கு ஒரு மதிப்பெண்கூட அளித்ததில்லை. அது தவறு என்று இப்போது உணர்கிறேன்.

விடைபெறும்போது மாணவியிடம், 'தோழி சொன்ன விளக்கத்தை அந்தப் பெரிய குழுவில் போட்டாயா, அம்மா?' என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, 'இல்லை சார்' என்றார். அவருக்கு மூன்று நாள்கள் பதில் வராததன் காரணம் அந்தத் தயக்கத்திலேயே இருந்தது. அன்றிரவே அதை எழுதிப் பதிவிட்டுவிட்டதாக எனக்குச் செய்தி அனுப்பினார்.