சருகு புரட்டும் தவிட்டுக்குருவி
வெண்தலைச் சிலம்பன் | ஆர்க்யா அஃபினிஸ் | நீளம்: சுமார் 23 செ.மீ.

மயிலாப்பூர், அடையாறு பக்கம் மரத்தடியில் சளசளவென்று சத்தம் கேட்டால் நின்று பாருங்கள். தவிட்டு நிற உடல், வெளிறிய தலை, மஞ்சள் அலகு, வெளிர்நீலக் கண். ஏழெட்டாகக் கூடி, தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் பூச்சி தேடும். ஒன்று கிளையில் காவல் இருக்கும். பூனையைக் கண்டு அது கத்தினால் மற்றவை மேலே தாவிவிடும்.

குஞ்சுகளுக்குப் பெற்றோரோடு கூட்டத்தாரும் இரை ஊட்டுவதுண்டு. சுடலைக்குயிலும் அக்காக்குயிலும் இவற்றின் கூட்டில் முட்டையிடும். அந்தக் குஞ்சையும் தவிட்டுக்குருவிகளே வளர்க்கும்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பறவை. ஆள் நடமாட்டத்துக்கு அதிகம் மிரளாது. வீட்டுத் தோட்டத்தில் வைக்கும் சோற்றையும் கொத்தும். சருகைப் பெருக்கி எரித்தால் அதிலுள்ள பூச்சிகளும் போய்விடும். மரத்தடிச் சருகை அப்படியே விடுங்கள்.