கலஹாத் தோட்டங்களின் பேச்சுத்தமிழ்: ஒலியும் வழக்கும்

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தினூடாகச் செல்லும் வீதி கலஹா வீதி எனப் பெயர் பெறும். கலஹாவையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் சேர்ந்த மக்களின் தமிழ், கற்றோர் பலரால் ‘தோட்டக்காட்டுப் பேச்சு’ என்று இழித்துரைக்கப்பட்டு வந்துள்ளது. அதனைக் கொச்சையென ஒதுக்குவோர், அது எவ்வகையிற் கொச்சையாயிற்று என்பதை விளக்குவதில்லை. எனவே, அப்பேச்சின் ஒலியமைப்பையும் வழக்கு வேறுபாடுகளையும் இங்குச் சுருக்கமாக நோக்குவோம்.

கலஹாவுக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். இலங்கையின் வர்த்தகத் தேயிலைச் செய்கை அதிலிருந்தே தொடங்குகின்றது. முந்திய கோப்பிக் காலத்தில் தொழிலாளர் பெரும்பாலும் பருவந்தோறும் வந்து மீண்டனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆட்கள் வேண்டியிருந்தனர். ஆதலின் குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் திரட்டி வந்தோர் அடுத்தடுத்த லயங்களில் வாழ்ந்து, ஒரே மலையில் வேலை செய்தனர். காலப்போக்கில் தனித்தனி ஊர்களுக்குரிய கூறுகள் தேய்ந்து, பலருக்கும் பொதுவான கூறுகள் நிலைத்தன. மலையகத் தமிழ் இவ்வாறு உருவான ஒரு பொது வழக்காகும்.

அதன் ஒலிகளை யாழ்ப்பாண வழக்கோடு ஒப்பிடுவது பயனுடையது. ஒன்று, மூன்று, கன்று ஆகிய சொற்களின் றகரம் பழந்தமிழில், நுனிநா பல்லடிமேட்டை ஒற்றப் பிறந்த வெடிப்பொலியாகும். யாழ்ப்பாணத்தார் அதனை டகரமாக்கி ஒண்டு, மூண்டு, கண்டு என்பர். தோட்ட மக்கள் அதனை முன்நிற்கும் மூக்கொலியோடு ஒன்றாக்கி ஒன்னு, மூனு, கன்னு என்பர். இரண்டும் எழுத்துவழக்கிலிருந்து விலகியவை. இரண்டும் ஒழுங்கான விதிக்கு உட்பட்டவை. எனினும் இவற்றுள் ஒன்று மட்டுமே கொச்சையெனப் பெயர் பெற்றது.

இலை, இடம், உடம்பு, உரம் என்பன தோட்டப் பேச்சில் எல, எடம், ஒடம்பு, ஒரம் என ஒலிக்கும். இதனை நாவின் சோம்பல் எனக் கொள்வது தவறு. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது சொல்லின் முதலிலுள்ள இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் தாழ்கின்றன. அந்நிலை இல்லாத இது, குடி போன்ற சொற்கள் மாறுவதில்லை. தமிழகத்துப் பேச்சிலும் இவ்விதியே வழங்குகின்றது. கொழுந்து என்பதைக் ‘கொளுந்து’ என்பதும் பெருங்குற்றமாகப் பேசப்படுகின்றது; ஆயின் ழகரத்தை ளகரமாக ஒலிப்பது யாழ்ப்பாணப் பேச்சுக்கும் உரியதே.

வினையிலும் வேறுபாடுண்டு. யாழ்ப்பாணத்து ‘வாறன்’, தோட்டத்தில் ‘வர்றேன்’ ஆகும்; ‘வந்தவை’, ‘வந்தாங்க’ ஆகும். யாழ்ப்பாண வழக்கு நீ, நீர், நீங்கள் என முன்னிலையை மூன்று படிகளாக்குகின்றது. தோட்ட வழக்கிலோ நீ, நீங்க என்ற இரண்டே உள. கேட்போரை உள்ளடக்கும் ‘நாம’வையும் உள்ளடக்காத ‘நாங்க’வையும் தோட்ட வழக்கு வேறுபடுத்திக் காத்து வருகின்றது.

சொற்களில் உழைப்பின் வரலாறு படிந்துள்ளது. ஆங்கிலம் தந்த லயமும் பெரட்டும், போர்த்துக்கேயம் தந்த ரோதையும், சிங்களம் தந்த மாத்தயாவும் இப்பேச்சில் உறவாகிவிட்டன. தொழிற்சாலைச் சக்கரமாகிய ரோதைக்கு ‘ரோதைமுனி’ என்றொரு காவல் தெய்வமும் தோன்றிற்று. பெயர் என்ற சொல் ‘பேரு’ என மாறி ஒரு நாட்கூலியைக் குறிக்கலாயிற்று. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேரு’. மனிதரின் பெயரே செக்றோலிற் பதியும் கூலியின் அளவாகிவிட்டது. சுரண்டலை இத்துணைச் செறிவாகக் கூறும் சொல் ஏட்டுத்தமிழில் அரிது.

ஒலிமாற்றங்களை வர்க்கம் தோற்றுவித்தது என நாம் கூறவில்லை. மொழி ஒரு மேற்கட்டுமானமே என்ற மாரின் கொள்கையை 1950 இல் ஸ்டாலின் மறுத்தமை மார்க்சியர் அறிந்ததே. ஆனால், சமமான இரு மாற்றங்களுள் ஒன்றை வழக்கென்றும் மற்றதை வழுவென்றும் மதிப்பிடுவது மொழிவிதியன்று, சமூக அதிகாரம். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அவர்களது பேச்சைத் தமிழுக்குப் புறம்பாக்கியோர் தமிழராகிய நாமே.

இலக்கியத்தில் இந்நிலை ஓரளவு மாறியுள்ளது. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ அம்மக்களின் வாழ்வைச் சிறுகதையில் நிலைநிறுத்தியது. சி. வி. வேலுப்பிள்ளை அவர்களது வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தளித்தார். வகுப்பறையில் நிலைமை வேறு. ‘எல’ என்று எழுதும் பிள்ளையின் ஏட்டில் சிவப்புக்கோடு விழுகின்றது. தன் தாயின் பேச்சே பிழையென அப்பிள்ளை கற்றுக்கொள்கின்றது. எழுத்துவழக்கை அப்பிள்ளைக்குக் கட்டாயம் கற்பிக்க வேண்டும். அதற்கு முன்னர், வீட்டிற் பேசும் ‘எல’வுக்கும் ஏட்டில் எழுதும் ‘இலை’க்கும் இடையிலுள்ள விதியை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். கலஹா வீதியில் அமைந்த பல்கலைக்கழகத்தில் தமிழ் பயில்வோர், அவ்விதிகளைத் தோட்டந்தோறும் சென்று பதிவு செய்து ஆசிரியர் கைக்குச் சேர்ப்பிப்பார்களாயின், அது அவர்களாற் செய்யக்கூடிய பயனுள்ள பணியாகும்.