எந்தக் குழு ஆராய்வது? தகவல் பாதுகாப்பு மசோதா சுற்றிய சுற்று

புது தில்லி: ஹைதராபாத் கச்சிபௌலியில் உள்ள சைபராபாத் காவல் ஆணையர் அலுவலகம் 2023 மார்ச்சில் வெளியிட்ட செய்தி நாட்டைத் திடுக்கிட வைத்தது. 16.8 கோடி பேரின் சொந்த விவரங்களைத் திருடி விற்றதாக ஒரு கும்பல் பிடிபட்டது. சில நாள்களில் சிக்கிய மற்றொருவரிடம் 66.9 கோடி பேரின் விவரங்கள் இருந்ததாகக் காவல் துறை கூறியது. தனிநபர் தகவலைக் காக்கும் தனிச் சட்டம் அப்போது நாட்டில் இல்லை.

இத்தனைக்கும் அதற்கான மசோதா 2019 டிசம்பர் 11-ம் தேதியே மக்களவைக்கு வந்துவிட்டது. அன்றைய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அதைத் தாக்கல் செய்தார். மசோதாவின் உள்ளடக்கத்தை விவாதிப்பதற்கு முன்பே, அதை எந்தக் குழு ஆராய்வது என்பதில் தகராறு எழுந்தது.

துறைவாரி நிலைக்குழுக்கள் 1993-ல் உருவானவை. 17 ஆக இருந்தவை 2004-ல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் 31 உறுப்பினர்கள், அமைச்சர்களுக்கு இடமில்லை. எதிர்க்கட்சியினரும் சிலவற்றுக்குத் தலைமை ஏற்பது மரபு. அவ்வகையில் தகவல் தொழில்நுட்ப நிலைக்குழுவின் தலைவராக இருந்தவர் காங்கிரஸின் சசி தரூர். மூன்று வாரங்களுக்கு முன்புதான் வாட்ஸ்ஆப் உளவு விவகாரத்தை எடுத்துக்கொள்வதா என்பதில் அக்குழு இரண்டாகப் பிரிந்து, சரிசமமாக வாக்குகள் விழ, தலைவரின் வாக்கு முடிவைத் தீர்மானித்ததாகச் செய்திகள் வெளியாயின. மசோதாவும் தங்களிடமே வரவேண்டும் என்றார் தரூர்.

அரசு இணங்கவில்லை. இரு அவைகளின் 30 உறுப்பினர்களைக் கொண்ட கூட்டுக் குழுவை அமைத்தது. தலைவர் பாஜகவின் மீனாட்சி லேகி. நிலைக்குழுவுக்கு மசோதாவை அனுப்புவது அவைத் தலைவரின் அதிகாரம். கூட்டுக் குழுவோ, அவையில் அமைச்சர் முன்மொழியும் தீர்மானத்தால் பிறப்பது. பெரும்பான்மை யாரிடமோ முடிவும் அவர்களிடம். நிலைக்குழுக்களிலும் ஆளும் தரப்பினரே அதிகம் என்பது உண்மைதான். ஆனால், நிகழ்ச்சி நிரலை வகுக்கும் தலைமை இருக்கை யாருடையது என்பது அற்ப விஷயமல்ல.

2020 பட்ஜெட் தொடருக்குள் தரவேண்டிய அறிக்கை, 2021 டிசம்பர் 16-ம் தேதிதான் வந்தது. இடையில் 2021 ஜூலையில் லேகி அமைச்சராகிவிட, பி.பி. சௌத்ரி தலைவரானார். குழுவில் இருந்த அஸ்வினி வைஷ்ணவும் ராஜீவ் சந்திரசேகரும் அதே மாதம் அதே துறையின் அமைச்சர்களாயினர். அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் 35-வது பிரிவுக்கு எதிராக ஜெய்ராம் ரமேஷ், மணீஷ் திவாரி உள்ளிட்டோர் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தனர். 81 திருத்தங்களைக் குழு முன்வைத்தது. இத்தனை திருத்தங்களுக்குப் பின் புதிதாக எழுதுவதே மேல் என்று 2022 ஆகஸ்ட் 3-ம் தேதி மசோதாவை வைஷ்ணவ் திரும்பப் பெற்றார். இரண்டாண்டு உழைப்பு அத்துடன் அலமாரிக்குப் போயிற்று.

இதே வழக்கு வேறு துறைக்கும் வந்தது. 2023 மார்ச்சில் வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா கூட்டுக் குழுவுக்குப் போனபோது, சுற்றுச்சூழல் நிலைக்குழுத் தலைவரான ஜெய்ராம் ரமேஷ் கடும் ஆட்சேபம் தெரிவித்தார். ஒரு மாற்றமும் இன்றி மசோதா திரும்பி வந்தது.

தகவல் பாதுகாப்புக்கான புதிய மசோதா 2023 ஆகஸ்ட் 3-ம் தேதி தாக்கலானது. இம்முறை எந்தக் குழு என்ற கேள்விக்கே இடமில்லை, எதற்கும் அனுப்பப்படவில்லை. மக்களவை 7-ம் தேதியும் மாநிலங்களவை 9-ம் தேதியும் நிறைவேற்றின. அரசு அமைப்புகளுக்கு விலக்கு தரும் அதிகாரம் புதிய சட்டத்திலும் உள்ளது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கச்சிபௌலியில் அடுக்கடுக்காய் நிற்கும் மென்பொருள் வளாகங்கள் உள்பட, தகவல்களைக் கையாளும் நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர, அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது.