மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்!

மகனுக்கு விளையாட்டுக் கம்ப்யூட்டர் வாங்குகிறார் தந்தை. திரைக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பணத்தை அள்ளிக் கொடுக்கிறார். மிச்சம் பிடிப்பது எதில்? எஸ்.எம்.பி.எஸ். என்னும் பவர் சப்ளையில்!

ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கம்ப்யூட்டருக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட். மாற்றிக் கொடுப்பது இந்தப் பெட்டிதான். மட்டமான பெட்டி கெட்டால், மதர்போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும்.

எத்தனை வாட்?

ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கு 115 வாட். ரைசன் 5 7600 பிராசசருக்கு அதிகம் போனால் 88 வாட். மற்றவற்றுக்கு 100 வாட் வைத்தாலும், மொத்தம் சுமார் 300 வாட்தான். ஆனால் திடீர் திடீரென்று கூடுதலாகவும் இழுக்கும். எனவே இந்தக் கார்டுக்கு 550 வாட் பெட்டியை என்விடியா நிறுவனம் சிபாரிசு செய்கிறது.

அட்டையை நம்பாதீர்கள்!

அட்டையில் பெரிதாக 550 என்று இருக்கும். பெட்டியின் பக்கத்தில் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். கார்டும் பிராசசரும் நம்பியிருப்பது 12 வோல்ட்டை. அதற்கு நேரே 45 ஆம்பியர் என்று இருந்தால், 540 வாட் கிடைக்கும். 25 ஆம்பியர் என்றால், 300 வாட்தான்!

முத்திரை எதற்கு?

"80 பிளஸ்" முத்திரை 2004-ல் வந்தது. வெண்கல முத்திரை என்றால், பாதிச் சுமையில் நூற்றுக்கு 85 பங்காவது வீணாகாமல் கம்ப்யூட்டருக்குப் போகும். இது சிக்கனத்துக்கு முத்திரை, பாதுகாப்புக்கு அல்ல. ஷார்ட் சர்க்யூட், அதிகச் சுமை ஏற்பட்டால் தானே அணையும் வசதி உண்டா? 5 ஆண்டு உத்தரவாதம் உண்டா? கேட்டு வாங்க வேண்டும்.

ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடித்து, முழுக் கம்ப்யூட்டரையும் பணயம் வைக்கலாமா?