உங்களுக்குத் தெரியுமா? நுவரெலியாவின் உயரம் ஒரு மடக்கைக்குள் இருக்கிறது

கொழும்புக் கோட்டையில் ரயிலேறும்போது வாங்கிய பிஸ்கட் பக்கற், ஹட்டனைத் தாண்டி நானுஓயாவில் இறங்கும்போது தலையணைபோல உப்பியிருக்கும். உள்ளே காற்று கூடவில்லை; வெளியே வளியமுக்கம் குறைந்துவிட்டது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது கடல்மட்ட அமுக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். கேத்தல் தண்ணீர் அங்கே 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். லயத்து அடுப்பில் பருப்பு வேகச் சுணங்குவது அதனால்தான்.

அமுக்கத்திலிருந்து உயரத்தை அறிய இயற்கை மடக்கை வேண்டும். பாரமானியையும் மடக்கையையும் இணைக்கும் விதியை எட்மண்ட் ஹேலி 1686இலேயே எழுதினார். கீழ் அமுக்கத்தை மேல் அமுக்கத்தால் வகுத்தால் 1.25. அதன் இயற்கை மடக்கை 0.223. அதைச் சுமார் 8,400 மீற்றரால் பெருக்குங்கள். விடை 1,870ஐ ஒட்டி வரும். (காற்றின் வெப்பநிலைக்கேற்ப அந்த 8,400 சற்று மாறும்.)

இயற்கை மடக்கையின் வரைபு 1இல் கிடையச்சை வெட்டும்: இரு அமுக்கங்களும் சமமானால் உயர வேறுபாடு பூச்சியம். படித்திறன் எங்கும் அந்தந்த இடத்து எண்ணின் தலைகீழ்: 2இல் அரை, 10இல் பத்தில் ஒன்று. ஏற ஏறத் தளரும், ஆனால் ஓரிடத்திலும் நிற்காது. பூச்சியத்தை நெருங்கினாலோ அடியில்லாத பள்ளம்.

எனக்கு மிகப் பிடித்தது, பெருக்கலைக் கூட்டலாக்கும் அதன் குணம். கடலிலிருந்து ஹட்டன், ஹட்டனிலிருந்து நுவரெலியா: அமுக்க விகிதங்கள் பெருகுகின்றன, உயரங்கள் கூடுகின்றன.