உங்களுக்குத் தெரியுமா? தன்னைத் தானே வரைந்து காட்டும் ஆப்ஜெக்ட்

ஜூபிட்டர் நோட்புக்கில் பாண்டாஸ் டேட்டாஃபிரேமின் பெயரை செல்லின் கடைசி வரியில் எழுதி இயக்கினால், அழகான அட்டவணை வந்து நிற்கும். அந்த அட்டவணையின் வடிவத்தைத் தருவது நோட்புக் அல்ல, டேட்டாஃபிரேமேதான்!

● பைத்தானில் நீங்கள் எழுதும் கிளாஸுக்கும் இது முடியும். முன்னும் பின்னும் அடிக்கோடு இட்ட ‘ரெப்ர்_ஹெச்டிஎம்எல்’ என்ற மெத்தடைச் சேர்த்து, அது ஹெச்டிஎம்எல் வரியைத் திருப்பித் தந்தால் போதும்.

● ‘நிறம்’ என்றொரு கிளாஸை இந்த மெத்தடுடன் எழுதினால், சிவப்புக்கான எண்களுக்குப் பதில் சிவப்புக் கட்டமே திரையில் தெரியும்.

● எஸ்விஜி, பிஎன்ஜி, லேடெக் வடிவங்களுக்கும் இதேபோல் தனித்தனி மெத்தடுகள் உண்டு.

● அதே ஆப்ஜெக்ட் சாதாரண டெர்மினலில் வெறும் எழுத்தாகவே தெரியும்.

2014இல் ஐபைத்தானிலிருந்து பிறந்த ஜூபிட்டரின் அருமையான வசதி இது. மாணவர்கள் அவசியம் முயன்று பார்க்க வேண்டும்.